கடைசி இலக்கத்தை நம்பலாமா?

கேள்வி: அடிமானம் 7-இல் (இடமதிப்புகள் 10-க்குப் பதில் 7-இன் அடுக்குகளாக வளரும் முறையில்) 15 இரட்டைப்படை, 1235 ஒற்றைப்படை என்கிறார்கள். இரண்டும் 5-இல்தானே முடிகின்றன?
(வாசகி, கோவை)

பதில்: கடைசி இலக்கத்தைப் பார்த்துச் சொல்வது அடிமானம் இரட்டைப்படையாக இருந்தால்தான் செல்லும். 10, 100, 1000 எல்லாம் 2-ஆல் வகுபடுவதால் ஒன்றாம் இடம் மட்டும் மிஞ்சுகிறது. 7-இன் அடுக்குகளோ 1, 7, 49, 343 என எல்லாமே ஒற்றைப்படை. அங்கே எந்த இடத்தையும் ஒதுக்க முடியாது. இலக்கங்களைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 1+5=6, இரட்டைப்படை (மதிப்பு 12). 1+2+3+5=11, ஒற்றைப்படை (343+98+21+5=467). அடிமானம் 3, 5, 9 எதற்கும் இதே கதைதான். பன்னிரண்டு என்ற மதிப்பை எந்த அடிமானத்தில் எழுதினாலும் இரட்டைப்படையே. அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் மாறுகிறது.

கேள்வி: 9-க்கு இருப்பதுபோல் 7-க்கும் இலக்கக் கூட்டல் வழி உண்டா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்டு, அடிமானம் 8-இல். அடிமானம் எதுவோ, அதைவிட ஒன்று குறைந்த எண்ணுக்கு இலக்கக் கூட்டல் வேலை செய்யும். 8-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 64, 512 என எந்த அடுக்குக்கும் மீதி 1-தான். காரணம் அவ்வளவே.

2024-ஐ எடுப்போம். 8-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 0, 5, 7, 3. கீழிருந்து மேலாக எழுத 3750. கூட்டல் 15, அதை 7-ஆல் வகுக்க மீதி 1. சரிபார்க்க: 7×289=2023.

பலர் சறுக்குவது அடுத்த படியில். 15 வந்ததும் பழக்கதோஷத்தில் 1+5=6 என்று மறுபடி கூட்டிவிடுகிறார்கள். அந்த 15 பதின்ம எண் (அடிமானம் 10). எண்ம முறையில் (அடிமானம் 8) அது 17. 1+7=8, எண்ம முறையில் 10; 1+0=1. இப்போது சரி.

ஒன்று கூடுதலான 9-க்கு, வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள்: 0−5+7−3=−1, அதாவது மீதி 8.

உண்மையில், கையில் இருப்பது பதின்ம எண் என்றால் நேராக 7-ஆல் வகுப்பதே வேகம். இரும எண்ணாக (அடிமானம் 2) இருந்தால் இந்த வழிக்கு மதிப்பு உண்டு. 11111101000-ஐ வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் 11, 111, 101, 000, அப்படியே 3750. இடமிருந்து பிரித்தால் எல்லாம் குழம்பும்.

கேள்வி: 9!-ஐ (1 முதல் 9 வரையான எண்களின் பெருக்கல்) அடிமானம் 12-இல் எழுதினால் கடைசியில் எத்தனை பூஜ்ஜியம்? எனக்கு 4 வருகிறது, விடைக்குறிப்பில் 3.
(போட்டித் தேர்வர், தஞ்சாவூர்)

பதில்: விடைக்குறிப்பு சரி. நீங்கள் பெரிய பகாக் காரணியான 3-ஐ மட்டும் எண்ணியிருப்பீர்கள். 10=2×5 என்பதால் பதின்மத்தில் 5-ஐ மட்டும் எண்ணினால் போதும். 12=2×2×3; ஒவ்வொரு பூஜ்ஜியத்துக்கும் இரண்டு 2 வேண்டும். 9!-இல் 3 நான்கு முறை, 2 ஏழு முறை. ஏழில் மூன்று ஜோடிதான் தேறும். சிறியது 3.

கேள்வி: 10101 ஏதாவது ஓர் அடிமானத்தில் பகா எண் ஆகுமா?
(மாணவர், மதுரை)

பதில்: ஆகாது. எந்த அடிமானத்திலும் அது 111 × (b²−b+1) என்று பிரியும்; இங்கே 111-உம் அதே அடிமானத்தில் எழுதியது, அதாவது b²+b+1. b என்பது அடிமானம். இருமத்தில் 21=7×3, பதின்மத்தில் 111×91.