நோரியோ ஓகா: பாட்டுப் படித்தவர் சோனியை நடத்தினார் (கேள்வி பதில்)

1982 முதல் 1995 வரை சோனியின் பிரெசிடெண்டாக இருந்தவர் நோரியோ ஓகா. சோனியைத் தொடங்கிய அக்கியோ மொரீட்டா, மசாரு இபுக்கா பெயர்கள் நம்மிடையே பரவிய அளவுக்கு இவர் பெயர் பரவவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: சார், பாட்டு படித்தவருக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் என்ன வேலை? உள்ளே எப்படிப் போனார்?

ப: குறை சொல்லித்தான் போனார். 1950இல் சோனியின் முந்தைய வடிவமான டோக்கியோ ட்சூஷின் கோக்யோ, டேப் ரெக்கார்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓகா அப்போது டோக்கியோவில் பாரிட்டோன் என்ற நடுத்தர ஆண்குரலுக்குப் பயிற்சி பெற்றுவந்த இசை மாணவர். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளப் பாடகருக்கு அப்படியொரு கருவி அவசியம் என்று நினைத்தவர். ஆனால் அந்த ரெக்கார்டரில் நாடா ஒரே வேகத்தில் ஓடவில்லை, சுருதி ஆடியது. இதையெல்லாம் நிறுவனத்துக்கே எடுத்துச் சொன்னார், அதுவும் பொறியாளர்களுக்குப் புரியும் மொழியில். இபுக்காவும் மொரீட்டாவும் கோபப்படவில்லை. மாணவராக இருந்தபோதே அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். பிறகு பெர்லினில் இசை படித்துத் திரும்பியவரை மொரீட்டா விடாமல் வற்புறுத்தி 1959இல் முழுநேர வேலைக்கு அழைத்துக்கொண்டார். அந்த மாணவனை வாடிக்கையாளர் புகார் என்று ஒதுக்காமல் காதுகொடுத்தார்களே, சோனியின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

கே: வேலைக்குச் சேர்ந்ததும் பாடுவதை விட்டுவிட்டாரா?

ப: கொஞ்ச காலம் இரண்டையும் சேர்த்தே செய்தார். மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' என்ற ஆபராவில், அதாவது இசை நாடகத்தில், நடித்தபோது, அலுவலகக் களைப்பில் மேடைக்குப் பின்னால் கண்ணயர்ந்து, தன் காட்சிக்குத் தாமதமாக ஓடினார். அதற்குப் பிறகு தொழில்முறையாகப் பாடுவதை நிறுத்திக்கொண்டார்.

கே: பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி முழுதாக அடங்க வேண்டும் என்றுதான் சிடியை 74 நிமிடமாக்கினார்கள் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

ப: பாதி உண்மை என்பேன். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சிடியின் அளவுகளை முடிவுசெய்தபோது, பிலிப்ஸ் விரும்பியது 11.5 சென்டிமீட்டர் வட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேர இசை. ஓகா 12 சென்டிமீட்டர் கேட்டார். நீண்ட சிம்ஃபனியையோ ஆபராவின் ஓர் அங்கத்தையோ நடுவில் வெட்டி இன்னொரு வட்டில் தொடரவைக்கக் கூடாது என்பது அவர் வாதம். இசையைத் தொழிலாகக் கற்றவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை.

ஆனால் பிலிப்ஸில் இருந்த பொறியாளர் கேஸ் இம்மிங்க் வேறொரு காரணமும் சொல்லியிருக்கிறார். பிலிப்ஸின் துணை இசைத்தட்டு நிறுவனமான பாலிகிராமிடம் 11.5 சென்டிமீட்டர் வட்டு தயாரிக்கும் ஆலை தயாராக இருந்தது; அளவை மாற்றினால், சோனியை விட பிலிப்ஸுக்கு இருந்த அந்த முன்னிலை போய்விடும். இரண்டு காரணங்களும் ஒரே மேஜையில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒலியின் நுணுக்கத்திலும் சோனி விடவில்லை. ஒலியின் ஒவ்வொரு அளவையும் எத்தனை இலக்கத்தில் பதிவது என்பதில் பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது, நிலைத்தது சோனி கேட்ட 16 பிட்.

முதல் பிளேயரான சிடிபி-101, 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் 168,000 யென்னுக்கு வந்தது. அதில் போட்டுக் கேட்கத் தட்டு வேண்டாமா? இங்கேதான் ஓகாவின் பழைய வேலை கைகொடுத்தது. 1968இல் அமெரிக்காவின் ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸோடு பாதிப் பாதிப் பங்கில் தொடங்கிய சிபிஎஸ்/சோனி ரெக்கார்ட்ஸை வளர்த்தவர் அவர்தான். பிளேயர் வந்த அன்றே சிடிகளும் கடைக்கு வந்தன.

கே: சிடியை எல்லோரும் புகழ்கிறார்கள். கொலம்பியா பிக்சர்ஸை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டதைச் சொல்ல மாட்டீர்களா?

ப: சொல்லியே ஆக வேண்டும். 1988 தொடக்கத்தில் 200 கோடி டாலருக்கு சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் முழுவதையும் சோனி வாங்கிக்கொண்டது. அது நல்ல கொள்முதல். அடுத்த ஆண்டே 340 கோடி டாலருக்கு கொலம்பியா பிக்சர்ஸ். அதன் கடன் தனி. பெரிய சம்பளத்தில் அமர்த்திய ஹாலிவுட் நிர்வாகிகள் தண்ணீராகச் செலவழித்தார்கள். 1994இல் ஏறக்குறைய 270 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டதாக சோனி அறிவிக்க நேர்ந்தது. அப்போது தலைமை நிர்வாகியும் ஓகாதான். பொறுப்பு அவரையும் சேர்ந்தது.

விலையும் ஆள் தேர்வும் தவறு. ஆனால் எண்ணம் தவறில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வீடியோ கேசட் போட்டியில் சோனியின் பீட்டாமேக்ஸ் வடிவம், போட்டி வடிவமான விஎச்எஸ்ஸிடம் தோற்றதைக் கண்கூடாகப் பார்த்தவர்கள் அவர்கள். வீடியோ கடையில் படங்கள் எந்த வடிவத்தில் நிறையக் கிடைத்தனவோ அந்த மெஷின் விற்றது. மெஷினும் அதில் ஓடும் பாட்டும் படமும் வண்டியின் இரு சக்கரங்கள் என்று ஓகா சொல்லிவந்தது அந்த அனுபவத்தால்தான். இன்று சோனியின் விற்பனையில் பாதிக்கு மேல் கேம், இசை, சினிமாவிலிருந்து வருகிறது.

கே: பிளேஸ்டேஷன் கென் குடராகி உருவாக்கியதுதானே? ஓகாவுக்கு அதில் என்ன பங்கு?

ப: உருவாக்கியவர் சோனி பொறியாளர் குடராகி, காப்பாற்றியவர் ஓகா. நின்டென்டோவின் கேம் கருவிக்குச் சிடி பாகம் செய்துதர சோனி ஒப்பந்தம் போட்டிருந்தது. 1991 ஜூனில், சிகாகோ கண்காட்சியில், நின்டென்டோ திடீரென்று பிலிப்ஸோடு கைகோத்தது. ஓகாவுக்குக் கடும் கோபம். சோனிக்குள்ளே பலர் கேமை விளையாட்டுப் பொம்மையாகத்தான் பார்த்தார்கள். திட்டத்தை மூடிவிடலாம் என்றார்கள். 1992இல் நடந்த கூட்டத்தில் சொந்தமாகவே செய்யலாம் என்று ஓகா முடிவெடுத்தார். எதிர்ப்பாளர்களிடமிருந்து தள்ளி, குடராகி குழுவைச் சோனியின் இசை நிறுவனக் கட்டடத்துக்கு மாற்றினார். இது வெறும் இடமாற்றமல்ல. கலைஞர்களோடு பழகவும், தட்டு அச்சடிக்கவும், தீர்ந்ததும் உடனே மறுபடி அச்சடித்துக் கடைக்கு அனுப்பவும் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். நின்டென்டோ கேம்கள் வந்த சிப் வைத்த கார்ட்ரிட்ஜில் அது முடியாது. பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3 அன்று வெளிவந்து, பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அந்தக் கைப்பிடி வைத்த கன்ட்ரோலரையும் நிர்வாகத்தில் சிலர் வேண்டாம் என்றபோது, வடிவமைப்பாளர் தெய்யு கோட்டோவின் பக்கம் நின்றவர் ஓகா.

கே: வாக்மேனும் இவருடையதா?

ப: இல்லை. அது இபுக்காவின் ஆசை, மொரீட்டாவின் பிடிவாதம்.

கே: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

ப: ஓய்வுக்கு முன்பே இசைக்குத் திரும்பியிருந்தார், இந்த முறை இசைக்குழுவை வழிநடத்தும் கண்டக்டராக. 2001இல் பெய்ஜிங்கில் டோக்கியோ ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்தார், பிழைத்தார். 2003இல் சோனியின் பொறுப்புகளிலிருந்து விலகியபோது கிடைத்த ஓய்வுத் தொகையில், சுமார் 160 கோடி யென்னை, கருயிசாவா ஊருக்கு இசையரங்கம் கட்டக் கொடுத்துவிட்டார். 2005இல் திறந்த அந்த அரங்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2011 ஏப்ரலில், 81 வயதில், டோக்கியோவில் காலமானார்.