பி.ஏ. என்னும் மலை

கேள்வி: வெள்ளைக்கார துரைகளிடம் இருந்த அந்தரங்கச் செயலாளர்கள் நன்கு படித்தவர்கள், கைசுத்தமானவர்கள், வாயைத் திறக்காதவர்கள், தங்கமான மனிதர்கள் என்று என் தாத்தா சொல்வார். இன்று ஒரு மந்திரியைப் பார்ப்பதற்குள் பி.ஏ. (அந்தரங்க உதவியாளர்) என்னும் மலையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நாலு பேருக்குத் தெரிந்த என் போன்றவனையே போன மாதம் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். அந்தத் தரம் இனி திரும்புமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குடியாத்தம்)

பதில்: வேலூரில் மரமில்லாத மலை என்று கிண்டல் செய்வார்கள். நீங்கள் புதிதாக ஒரு மலையைச் சேர்த்துவிட்டீர்கள், நன்றி.

தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடியாத்தத்துக்காரர் ஒருவர் துரையின் அந்தரங்கச் செயலாளரைக் கண்ணால் கண்டிருப்பார் என்று நம்பத்தான் கஷ்டமாக இருக்கிறது. அவர் பார்த்தது அநேகமாக டவாலியை, அதாவது வாசல் சேவகரை. டவாலியைத் தாண்டினால் குமாஸ்தா, குமாஸ்தாவைத் தாண்டினால் சிரஸ்தார் என்ற தலைமைக் குமாஸ்தா, அதற்கும் அப்பால்தான் துரை. தாத்தாவின் அப்பா காலத்தில், அதாவது 1911 வரை, வட ஆற்காட்டுக் கலெக்டர் கச்சேரியே (அலுவலகமே) சித்தூரில்தான் இருந்தது. ஒரு பட்டா தகராறுக்குக் கட்டுச்சோறோடு கிளம்ப வேண்டும். இரண்டு மணி நேரக் காத்திருப்பெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

கைசுத்தம் என்றீர்களே. அந்தரங்கச் செயலாளருக்கு முந்திய தலைமுறை துபாஷிகள். கிழக்கிந்தியக் கம்பெனி துரைக்கு மொழிபெயர்ப்பாளர், கணக்குப்பிள்ளை, வாசல் காவல் எல்லாம் ஒரே ஆள். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்த துரைகள் ஊர் ஊராக வரி வசூலை எழுதி வாங்கிக்கொண்ட காலத்தை ஒட்டி வந்தவர் அவதானம் பாப்பையா, சென்னை கவர்னர் ஹாலண்டின் துபாஷி. கவர்னரைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் இவரைப் பிடிக்க வேண்டும். தனக்கு ஆகாத கம்பெனி அதிகாரி ஒருவரைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று 1792-ல் வழக்கு நடந்து, குற்றம் உறுதியானது. சென்னை சூளையில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. போகும்போது பாருங்கள்.

சரி, நீங்கள் சொல்லும் கனவான்கள் இல்லவே இல்லையா? இருந்தார்கள். எட்வர்ட் மார்ஷ் என்று ஒருவர். 1896-ல் லண்டன் குடியேற்ற நாடுகள் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1905 டிசம்பரில் அந்த இலாகாவுக்குத் துணை மந்திரியாக வந்த சர்ச்சில் அவரைத் தன் அந்தரங்கச் செயலாளராகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் சர்ச்சில் வர்த்தகத்துக்குப் போனால் மார்ஷும் வர்த்தகம், உள்துறைக்குப் போனால் உள்துறை, கடற்படைக்குப் போனால் கடற்படை. இடையிடையே விட்டு விட்டு, 1929 வரை இந்தக் கூட்டு நீடித்தது.

வேலை என்ன? தபாலைப் பிரித்து, மந்திரி பார்க்க வேண்டியது எது, தானே பதில் எழுதி முடிக்கக்கூடியது எது என்று பங்கு போடுவது. மந்திரி ராத்திரி எழுதிய காரசாரமான குறிப்பைக் காலையில் படித்துப் பார்த்து, இது அப்படியே போகலாமா என்று மெல்லக் கேட்பது. யாரை உள்ளே விடுவது, யாரை இன்னொரு நாள் வரச்சொல்வது, வரச்சொல்லும்போதே அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது. 1907-ல் சர்ச்சில் கிழக்கு ஆப்பிரிக்கா சுற்றப் போனபோது மார்ஷும் கூடப் போனார். மொம்பாசா, நைரோபி, உகாண்டா, அங்கிருந்து நைல் நதி வழியாகக் கார்ட்டூம். உல்லாசப் பயணம் என்றுதான் பேர். சர்ச்சிலோ போகிற வழியெல்லாம் நீள நீளமாகக் குறிப்பு எழுதி லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். இலாகாவின் நிரந்தரச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டு மந்திரி எல்ஜின் பிரபுவுக்குப் புகார் எழுதினார். அவர்கள் சொகுசாகப் போன அந்த ரயில் பாதையைப் போட இந்தியாவிலிருந்து 30,000 கூலிகளுக்கு மேல் கொண்டுபோயிருந்தார்கள் என்பதையும் ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ஷ் நல்ல ரசிகர். இளம் கவிஞர்களுக்குத் தொகுப்பு போட்டார், பெயர் தெரியாத ஓவியர்களிடம் படம் வாங்கினார். படம் வாங்கிய காசுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கொலைப் பணம்'. அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்பென்சர் பெர்சிவல், 1812-ல் நாடாளுமன்ற முன்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர். அந்தக் குடும்பத்துக்கு அரசு கொடுத்த பணத்தில் ஒரு பங்கு இவருக்கு வந்தது. சுட்டவன் யார் தெரியுமா? ரஷ்யாவில் சிறைப்பட்டதற்கு நஷ்டஈடு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்து, எல்லா வாசலிலும் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு வியாபாரி. ஒரே வாரத்தில் அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். (பி.ஏ.க்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால் பயப்பட வேண்டாம். எங்கள் குடியாத்தம் வாசகர் சாது.)

மார்ஷ் மேஜையைப் பற்றி எனக்குப் பிடித்த சங்கதி வேறு. 1906 அக்டோபரில் காந்தி லண்டன் போனார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதி இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற அவசரச் சட்டத்தை நிறுத்தக் கேட்டு. கூட வந்தவர் அந்த இந்தியர்களின் இன்னொரு பிரதிநிதி எச்.ஓ. அலி. நவம்பரில் முதலில் எல்ஜினைப் பார்த்தார்கள், மாதக் கடைசியில் சர்ச்சிலைப் பார்த்தார்கள். காந்தியும் சர்ச்சிலும் நேருக்கு நேர் சந்தித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். சர்ச்சிலின் வெளி மேஜையில் அப்போது மார்ஷ். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஊர் திரும்பும் கப்பல் மதேரா தீவில் நின்றபோது, எல்ஜின் சட்டத்துக்கு ஒப்புதல் தரவில்லை என்று தந்தி வந்தது. ஒரே சந்தோஷம். சில மாதம்கூட ஆகவில்லை. டிரான்ஸ்வாலுக்கு சுயாட்சி கொடுத்தார்கள், அந்தப் புதிய சட்டசபை அதே சட்டத்தை 1907 மார்ச்சில் நிறைவேற்றிவிட்டது, இந்த முறை லண்டன் தடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர்களில் நம் வட ஆற்காட்டுச் சனம் ஏராளம். நேட்டால் கரும்புக் காட்டில் வெந்த அவர்களுக்கு, லண்டன் வாசலில் இருந்தவர் கவிதை ரசிகரா இல்லையா என்பதால் என்ன ஆகிவிட்டது?

நீங்கள் 'என் போன்றவனையே' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'யே'யில்தான் உங்கள் கேள்வி முழுவதும் இருக்கிறது. சாதாரண ஆளை உட்கார வைத்தால் பரவாயில்லை, என்னையுமா என்கிறீர்கள்.

கோபம் வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு மந்திரி வேலூர் வந்து விருந்தினர் மாளிகையில் தங்கியிருந்தார். பேட்டிக்குப் போனேன். திண்ணையில் பேரணாம்பட்டுப் பக்கத்து அம்மா ஒருவர், முதியோர் பென்ஷன் நின்றுபோன விஷயமாக மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிகாலை முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். பத்திரிகை ஆசிரியர் என்றதும் பி.ஏ. எழுந்து வந்து, "வாங்க சார், ஐயா ஃப்ரீயாத்தான் இருக்காங்க" என்று டீ கொடுத்து நேரே உள்ளே அனுப்பினார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். பி.ஏ. கார் வரைக்கும் வந்து கும்பிடு போட்டார். தங்கமான மனிதர் என்றுதான் அன்றைக்கு நான் எல்லோரிடமும் சொன்னேன்.