ஏபிஆர் எண் மட்டும் இருந்தால் சோலார் பதிவாகிவிட்டதா?

கேள்வி: ஜெர்மனியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 2023 அக்டோபர் 14 அன்று கூரையில் 9.8 கிலோவாட் சோலாரும் ஒரு பேட்டரியும் இயங்கத் தொடங்கின. பதிவு வேலை எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக, மாட்டித் தந்த நிறுவனத்தார் வாட்ஸ்ஆப்பில் சொன்னார்கள். வலைக்குள் அனுப்பும் மின்சாரத்துக்கு ஒன்றரை வருடம் ஒழுங்காகப் பணம் தந்த மின்வலை நிறுவனம் இப்போது அதை நிறுத்திவிட்டு, பதிவு செய்யாததற்கு ஏப்ரல் வரை 1,764 யூரோ கேட்கிறது. என்னிடம் ஏபிஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணே இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் என்பதால் ஏய்க்கிறார்கள். வழக்குப் போடலாமா? (வாசகர், 2025 மே)

பதில்: வேண்டாம். இன்று இரவே பதிவை முடியுங்கள். 1,764 என்பது 400-க்குள் வந்துவிடும்.

நிறுவனத்தார் ஏமாற்றியது, கடிதத்தின் தொனி, இத்தனை நாள் பேசாமல் பணம் தந்தது, இவை எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. உங்கள் கூரையில் இருக்கும் சோலாருக்கு மார்க்ட்ஷ்டம்டாட்டன்ரெகிஸ்டரில், அதாவது எல்லோரும் 'மாஸ்டர்' என்று சொல்லும் பதிவேட்டில், எஸ்இஇ என்று தொடங்கும் எண் இருக்கிறதா? சட்டம் கேட்பது அது ஒன்றைத்தான். ஏபிஆர் என்பது உங்களுக்கான எண். நீங்கள் ஒரு மின் உற்பத்தியாளர் என்று மட்டுமே அது சொல்லும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: கணக்குத் தொடங்குகிறார்கள், தங்கள் விவரத்தைக் கொடுக்கிறார்கள், ஏபிஆர் எண் வந்ததும் வேலை முடிந்தது என்று பக்கத்தை மூடிவிடுகிறார்கள். சோலாரை அதன் பிறகு தனியாகச் சேர்க்க வேண்டும். பேட்டரியை இன்னொரு தடவை, தனியாக. மின்வலை நிறுவனத்திடம் கொடுத்த விண்ணப்பம் வேறு, இது வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பதிவுக்குக் கெடு, இயங்கத் தொடங்கியதிலிருந்து ஒரு மாதம். உங்களுக்கு அது 2023 நவம்பர் 14-ல் முடிந்தது. ஈஈஜி 2023 என்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கெடு தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் கிலோவாட்டுக்கு 10 யூரோ. மாதத்தில் ஒரு நாள் தவறினாலும் முழு மாதம்தான். உங்களுக்கு மாதம் 98 யூரோ வருகிறது. உங்களுக்குக் கிடைக்கும் 8.2 சென்ட் விலையில் அதைச் சம்பாதிக்க மாதம் 1,195 யூனிட் வலைக்குள் அனுப்ப வேண்டும். ஜூன் வெயிலில்கூட உங்கள் கூரையின் மொத்த உற்பத்தி ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதே பிரிவு வழியும் விட்டிருக்கிறது. பதிவை முடித்த உடனே விகிதம் 10-லிருந்து 2 யூரோவாக இறங்குகிறது, அதுவும் முதல் மாதத்திலிருந்தே. மே மாதத்துக்குள் முடித்தால் 19 மாதம், மாதம் 19.60 வீதம் 372.40 யூரோ. நிறுத்திவைத்த பணமும் பறிபோகவில்லை. பதிவு வரும்வரை அதைத் தரும் கடமை எழாது, அவ்வளவுதான். 372.40-ஐக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள்.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயம். மாஸ்டரில் இரண்டு தேதிகள் உண்டு: பதிவான தேதி, இயங்கத் தொடங்கிய தேதி. முதலாவதை அமைப்பே போட்டுக்கொள்ளும். இரண்டாவதை நீங்கள் நிரப்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் '2025 மே' என்று போட்டால் அபராதமே வராதே என்ற யோசனை உங்களுக்கு வரும். யாராவது சொல்லியும் தருவார்கள். கை வைக்காதீர்கள். மின்வலை நிறுவனத்திடம் எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட இயக்கத் தொடக்கப் படிவம் இருக்கிறது. நீங்கள் போடும் தேதியை அதோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்வார்கள். பொய் விவரம் கொடுத்ததற்குத் தனி அபராதம் வரலாம். அதைவிடக் கேடு, 2025 பிப்ரவரி 25-க்குப் பின் தொடங்கிய சோலார் என்று நீங்களே எழுதித் தந்ததாகிவிடும். அந்த வகைக்கு 8.2 சென்ட் இல்லை, 2025 மே கணக்கில் 7.94-தான். ஸ்மார்ட் மீட்டர் வந்த அடுத்த ஆண்டிலிருந்து, சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் நேரங்களில் பணம் கிடையாது. ஸ்மார்ட் மீட்டரும் கட்டுப்பாட்டுக் கருவியும் வரும்வரை திறனில் 60 சதவீதம்தான் வலைக்குள் விடலாம். 372 யூரோவைத் தப்பிக்கப் போய் 20 வருடத்துக்கு உறுதியான விலையில் கை வைக்காதீர்கள்.

திறன் கட்டத்திலும் கவனம் வேண்டும். பேனல்களின் கூட்டுத் திறன் 9.8-ஐ அதற்குரிய இடத்திலும், இன்வெர்ட்டர் திறனை அதற்குரிய இடத்திலும் போடுங்கள். மாற்றிப் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். மின்வலை நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தால், மாஸ்டரிலும் அவர் பெயர்தான் வர வேண்டும். முடிந்ததும் கிடைக்கும் உறுதிச் சான்றைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதே நாளில் மின்வலை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

'பணம் தந்துகொண்டே இருந்தார்களே, அப்போதே சொல்லியிருக்கலாமே' என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. 2017 ஜூலை 5 அன்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி வழக்கில் (வழக்கு எண் VIII ZR 147/16) உரிமையாளர் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தைத் தெரிந்துகொள்வது உரிமையாளர் பொறுப்பு என்றது. அன்றைய சட்டத்தில் பதிவு செய்யாதவருக்கு அந்தக் காலத்து ஊக்க விலையே போனது. இன்று உங்களுக்குக் கிலோவாட்டுக்கு 2 யூரோ. மின்வலை நிறுவனத்திடம் இரக்கம் கேட்டும் பயனில்லை. இந்தப் பணத்தை வசூலிக்காமல் விட்டுக்கொடுக்க அதற்கு உரிமை இல்லை.

மிச்சம் இருப்பது, சோலாரை மாட்டித் தந்த நிறுவனம். ஒப்பந்தத்தைப் புரட்டி, மாஸ்டர் பதிவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 'மின்வலை நிறுவனத்தில் விண்ணப்பம்' என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். வாட்ஸ்ஆப் செய்தி உதவும், ஆனால் 'எல்லாப் பதிவும்' என்றால் எது என்று இழுபறி வரும். 372 யூரோவுக்கு வழக்காடித் தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கூலியும் உங்கள் தலையில் விழும். செய்தியின் படத்தை இணைத்து ஒரு கடிதம் எழுதுங்கள், பாதியைக் கேளுங்கள். பாதி தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்துக்குப் பதிலாக ஒரு வருடப் பராமரிப்பு என்றாலும் ஒப்புக்கொள்ளலாம்.

அந்தக் கடிதம் அடுத்த வாரம் போகலாம். பதிவு மே 31-ஐத் தாண்டக் கூடாது. ஜூன் முதல் தேதி விடிந்தால் இன்னொரு 19.60 ஏறும்.