ஞாயிறு பிரன்ச்: கிரிட்ஸ் முதல் கீரைத் தண்ணீர் வரை

நான் ஜார்ஜியாவுக்கு வந்து 17 வருஷமாகிறது. அதில் இரண்டரை வருஷம், அட்லாண்டாவில் தெற்கத்திச் சாப்பாடு போடும் ஓர் உணவகத்தின் அடுக்களையில் சனி, ஞாயிறு காலைகளில் பிஸ்கட் போடும் வேலை பார்த்தேன். தெற்கு என்று நான் சொல்வது அமெரிக்காவின் தென்மாநிலங்களை: ஜார்ஜியா, இரண்டு கரோலினாக்கள், அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டென்னசி. புதிதாக வந்து இறங்கும் நம்மவர்கள் இந்த உணவகங்களைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை எடுத்து வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, நாங்கள் அட்லாண்டாவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. என் கணவரின் அலுவலக நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பிரன்ச்சுக்குக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டுமா? எத்தனை மணிக்குப் போவது நல்லது?

வெறும் காபியோடு கிளம்புங்கள் போதும். காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே தடவையில் முடிப்பதுதான் பிரன்ச். தட்டும் அந்த அளவுக்குத்தான் வரும். பிரன்ச் என்ற சொல் 1895இல் இங்கிலாந்தில் கை பெரிஞ்சர் எழுதிய ஒரு கட்டுரையில் வந்தது. ஆனால் தெற்கில் இந்தப் பழக்கத்துக்கு வேறு ஒரு வேரும் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு மார்க்கெட்டில் விடியுமுன்னே வேலைக்கு வந்த கறிக்கடைக்காரர்கள் 11 மணிவாக்கில் கடும் பசியோடு வருவார்கள். அவர்களுக்காக மதாம் பெகே என்ற ஜெர்மானியப் பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இரண்டாம் காலை உணவு' என்று வயிறு நிறையப் போட்டார். உழைத்துக் களைத்தவர்களின் சாப்பாடு அது.

நேரம் பற்றிச் சொன்னால், சர்ச் முடிந்து 12 மணியிலிருந்து கூட்டம் வரும். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் நல்ல உடுப்பில் வந்து நிற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்களுக்கு மேசை கிடைக்க முக்கால் மணி நேரம் ஆகலாம். கைக்குழந்தை இருந்தால் 10 மணிக்கே போய்விடுங்கள். உடைக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

ஞாயிறு காலை 10 மணிக்கு மிமோசா (ஆரஞ்சுச் சாறு கலந்த ஷாம்பெயின்) கேட்டோம். இப்போது தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களைப் பார்த்துச் சொன்னார்களோ என்று மனசு கஷ்டமாகிவிட்டது.

இல்லை தம்பி, அது சட்டம். ஞாயிறு காலையில் மது விற்பதற்கு இங்கே நெடுங்காலமாகத் தடை இருந்தது. ஜார்ஜியாவில் முன்பு பகல் 12:30க்கு மேல்தான் ஊற்றலாம். 2018இல் வந்த சட்டத்தால், உள்ளூர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட இடங்களில் 11 மணி முதல் தரலாம் என்று ஆனது. பக்கத்து வட கரோலினாவில் 2017இலிருந்து 10 மணி. பரிமாறியவர் மேல் வருத்தம் வேண்டாம்.

அண்ணி, கிரிட்ஸ் என்று ஒன்று வாங்கினேன். உப்பு சப்பில்லாத பசை மாதிரி இருந்தது. இதையா இவர்கள் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

உங்களுக்கு வந்தது அநேகமாக இன்ஸ்டன்ட் கிரிட்ஸ். அதை வைத்து கிரிட்ஸை ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஊர்ச் சமையலின் அடிவயிறே அதுதான்.

கிரிட்ஸ் என்பது காய்ந்த மக்காச்சோளத்தை ரவை போல உடைத்தது. ஐரோப்பியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மஸ்கோகி முதலான பூர்வகுடிகள் சோளத்தை இடித்துக் காய்ச்சிச் சாப்பிட்டு வந்தார்கள். கல் எந்திரத்தில் உடைத்தால் முளைப்பகுதியும் சேர்ந்து உடையும். மணமும் ருசியும் அதில்தான் இருக்கின்றன. முளையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், அதனால் நல்ல அடுக்களையில் அதை ஃப்ரிட்ஜில்தான் வைப்பார்கள். இன்ஸ்டன்ட் வகை முளையை நீக்கி, முன்பே வேகவைத்து உலர்த்தியது. வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடும், ருசியும் அந்த அளவுக்குத்தான்.

எங்கள் அடுக்களையில் காலை 6 மணிக்குப் பெரிய பாத்திரத்தில் ஏற்றிவிடுவோம். ஒரு பங்கு கிரிட்ஸுக்கு நாலு பங்கு தண்ணீர், உப்பு ஆரம்பத்திலேயே. முதலில் தவிடு மேலே மிதக்கும், அதைக் கரண்டியால் வழித்து எடுக்கவேண்டும். பிறகு அடுப்பைத் தணித்து, அடிப்பிடிக்காமல் மரத்துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். 20 நிமிடத்தில் பார்ப்பதற்கு வெந்தது போலத் தெரியும். வாயில் போட்டால் பல்லில் நறநறவென்று கடிபடும். 45 நிமிடம் தாண்டிய பிறகுதான் பெரிய குமிழிகள் பொளக் பொளக்கென்று மெதுவாக உடையும், மணி ஒவ்வொன்றும் நாக்கில் கரையும். எனக்குச் சொல்லிக்கொடுத்த தலைமைச் சமையல்காரம்மா ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விடுவார். ஓரத்தில் தண்ணீர் பிரியாமல், மெல்ல விரிந்து நின்றால்தான் வெண்ணெய் போடுவார். பிரிந்தால் ஒரு பேச்சும் இல்லாமல் துடுப்பை மறுபடியும் என் கையில் கொடுத்துவிடுவார்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது 'ஸ்டோன் கிரவுண்ட்' கிரிட்ஸா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வெண்ணெயும் மிளகும் போட்டுச் சுடச்சுடச் சாப்பிடுங்கள், ஆறினால் கெட்டியாகிவிடும். இறால் பிடிக்கும் என்றால் இறால் கிரிட்ஸ் வாங்குங்கள். தென் கரோலினா கடற்கரையில் மீனவர் வீடுகளில் காலையில் எளிமையாகச் செய்து வந்தது அது. வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் குரூக்ஸ் கார்னர் என்ற உணவகத்தில் பில் நீல் என்ற சமையல்காரர் அதைப் பேக்கனும் (உப்பிட்டுப் புகை போட்ட பன்றி இறைச்சித் துண்டு) காளானும் சேர்த்துச் செய்தார். 1985இல் நியூயார்க் டைம்ஸில் கிரெய்க் கிளைபோர்ன் அதைப் பற்றி எழுதியதும் நாடெங்கும் பரவியது. இன்று அது இல்லாத பிரன்ச் மெனுவை இந்தப் பக்கம் பார்ப்பது அரிது.

என் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். முட்டை கூடத் தொடாத சுத்த சைவம். அவர்களை அழைத்துக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் ஒவ்வொரு பொருளாகக் கேட்டுத்தான் ஆர்டர் கொடுக்கவேண்டும். 'வெஜிடேரியனா?' என்று பொதுவாகக் கேட்டால், கண்ணுக்குத் தெரிய இறைச்சி இல்லை என்ற அர்த்தத்தில் ஆமாம் என்று சொல்லிவிடக் கூடும். அவர்கள் ஏமாற்றவில்லை, இந்தச் சமையலில் பன்றிக்கொழுப்பு நம் வீட்டு நல்லெண்ணெய் மாதிரி எல்லாவற்றிலும் இருக்கும்.

காலர்ட் கீரையும் பீன்ஸும் பெரும்பாலும் புகை போட்ட பன்றிக் கணுக்காலோடு வேகும். பிஸ்கட்டில் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக்கொழுப்பு போட்டிருக்கலாம். கிரிட்ஸைச் சில இடங்களில் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ இருந்தால் அதில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. வெண்டைக்காய் வறுவல் பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் கோழி பொரித்த அதே எண்ணெயில் பொரித்திருப்பார்கள். சோள ரொட்டி, வாஃபிள், பான்கேக் மூன்றிலும் முட்டை உண்டு.

நான் என் மாமியாரை அழைத்துப் போனபோது, முதல் நாளே போன் செய்து கேட்டு வைத்துக்கொண்டேன். தண்ணீரில் வேகவைத்த கிரிட்ஸ், வெண்ணெய் போட்டுச் செய்த பிஸ்கட், பீச் ஜாம், வெட்டிய பழம். அவர் கிரிட்ஸில் மிளகைத் தூவி, "நொய்க்கஞ்சி மாதிரி இருக்கு, இன்னொரு கிண்ணம் சொல்லு" என்றார். ஞாயிறு நண்பகல் நெரிசலில் இத்தனை கேள்வி கேட்டால் பரிமாறுபவரால் நின்று பதில் சொல்லமுடியாது. போனில் கேட்பதே நல்லது.

ஹலால் பார்ப்பவர்களுக்கு?

மெனுவில் ஹலால் என்று போட்டிருந்தாலொழிய கோழியை விட்டுவிடுங்கள். மீன், இறால் பக்கம் போகலாம். ஆனால் முட்டையும் பேக்கனும் ஒரே இரும்புக்கல்லில்தான் வேகும், உங்கள் முட்டைக்குத் தனி வாணலி கேளுங்கள். கம்போ என்ற கெட்டிக் குழம்பில் பெரும்பாலும் பன்றித் தொத்திறைச்சி இருக்கும்.

டீயில் முக்கும் பிஸ்கட்டை எதற்குக் குழம்பு ஊற்றித் தருகிறார்கள்?

இங்கே பிஸ்கட் என்பது ஈஸ்ட் போடாத, உள்ளே பஞ்சு போன்ற ஒரு ரொட்டி. தெற்கில் விளையும் மென்மையான குளிர்காலக் கோதுமையில் புரதம் குறைவு, அதனால் மாவு இழுபடாது. 1883 முதல் வரும் வொயிட் லில்லி மாவைத்தான் பல பாட்டிமார் இன்றும் வாங்குகிறார்கள். ஜில்லென்ற வெண்ணெயை மாவில் விரலால் உதிர்த்து, மோர் ஊற்றி, பிசையாமல் மடித்து மடித்துத் தட்டவேண்டும். அச்சை நேராக அழுத்தி எடுக்கவேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு பிஸ்கட் எழும்பாது. முதல் ஒரு மாதம் நான் திருகித் திருகித்தான் வெட்டினேன், எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே வெந்தன. மேலே ஊற்றும் வெள்ளைக் குழம்பு, பன்றித் தொத்திறைச்சி வறுத்த கொழுப்பில் மாவும் பாலும் சேர்த்தது. வேண்டாமென்றால் வெண்ணெயும் ஜாமும் போதும்.

வாஃபிள் மேல் பொரித்த கோழி, அதன் மேல் சர்க்கரைப் பாகு! எப்படிச் சாப்பிடுவது?

அடைக்கு வெல்லம் தொட்டுச் சாப்பிடுகிற நமக்கு இது கஷ்டமில்லை. பாகைக் கொஞ்சமாக விட்டு, காரச் சாஸ் இரண்டு சொட்டு சேர்த்து, கோழியும் வாஃபிளும் ஒரே வாயாக எடுங்கள். இந்தச் சேர்க்கையைப் பிரபலமாக்கியது நியூயார்க்கின் ஹார்லெமில் 1938இல் தொடங்கிய வெல்ஸ் என்ற உணவகம். தெற்கிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்களோடு அங்கே போன ருசி அது.

சோல் ஃபுட், சதர்ன் ஃபுட் இரண்டும் ஒன்றா?

வேர் ஒன்றுதான். தெற்கின் பெரிய வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். வெண்டைக்காய், தட்டைப்பயறு எல்லாம் அங்கிருந்து வந்தவை. கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்த மக்கள் தங்கள் வீட்டுச் சமையலுக்கு 1960களில் உரிமையோடு வைத்துக்கொண்ட பெயர்தான் சோல் ஃபுட். அட்லாண்டாவில் 1947இல் தொடங்கிய பாஸ்கல்ஸ், பிஸி பீ இரண்டும் இன்றும் இருக்கின்றன. பாஸ்கல்ஸில்தான் மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் கூடிப் பேசினார்கள். மெனுவில் சமைத்தவர்களின் வரலாறு எழுதியிருந்தால் தயவுசெய்து படித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. சார்ல்ஸ்டன், சவானா பக்கம் 'கன்ட்ரி கேப்டன்' என்று ஒரு கோழிக்கறி கிடைக்கும். மசாலாத்தூள், தக்காளி, உலர்திராட்சை, பாதாம் போட்டுச் சோற்றோடு தருவார்கள். ஆங்கிலோ இந்தியச் சமையலிலிருந்து கடல் தாண்டி வந்தது.

டிப்ஸ் கட்டாயமா?

20 சதவீதம் வையுங்கள். டிப்ஸ் வாங்கும் வேலையாட்களுக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து மாறவே இல்லை. ஜார்ஜியாவிலும் அதுதான். உங்கள் மேசையில் விழும் பணத்தில்தான் அவர்கள் வாடகை கட்டுகிறார்கள்.

அக்கா, அடுத்த வாரம் நான் வேறு ஊருக்கு மாறுகிறேன். எல்லாம் சாப்பிடுவேன். மெனுவில் பார்க்காத ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.

பாட்லிக்கர் கேளுங்கள். காலர்ட் கீரை வெந்த தண்ணீர்தான் அது. அடிமைக் காலத்தில் கீரை எஜமானர் மேசைக்குப் போகும், சத்தெல்லாம் இறங்கிய இந்தத் தண்ணீர் சமைத்தவர்களிடம் மிஞ்சும். அதை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஒரு கோப்பையில் சூடாக வரும், பச்சை நிறத்தில், மேலே கொழுப்பு சின்னச் சின்ன வட்டமாக மினுங்கும். நாம் ரசத்தை உறிஞ்சுவது போல முதலில் இரண்டு வாய் குடியுங்கள். பிறகு சோள ரொட்டியைப் பிய்த்து உள்ளே போட்டு, ஊறியதும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுங்கள்.