பிரெஞ்சுக் குடியுரிமையாளரை மணந்தவர்களின் நீண்டகால விசா: கேள்வி பதில்

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளில் வாழ்க்கைப்பட்ட இந்தியர்கள், பாரிஸ் பக்கம் இருக்கும் துணையோடு சேரப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே.

கேள்வி: அக்கா, போன மாசம் காரைக்காலில் கோயிலில் கல்யாணம் முடிந்தது. அவர் பிரெஞ்சு நேஷனாலிட்டி. விசாவுக்கு இப்பவே போடலாமா?

இப்போது முடியாதம்மா. முதலில் இங்கே திருமணத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்குங்கள். அடுத்து, அந்தத் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிப் புதுச்சேரி பிரெஞ்சு கான்சுலேட்டில் உங்கள் கணவர் மனுக் கொடுக்க வேண்டும். இதைத்தான் 'த்ரான்ஸ்கிரிப்சியோன்' என்கிறார்கள். அது முடிந்தால் பிரெஞ்சுத் திருமணப் பத்திரமும், 'லிவ்ரே தெ ஃபமி' என்ற குடும்பப் புத்தகமும் கையில் வரும். விசா அதற்குப் பிறகுதான்.

விசா தாமதம் என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தாமதம் விசாவில் இல்லை, இந்த நடுப்படியில்தான். ஆகவே உழைப்பை அங்கே போடுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் தை மாதம் முகூர்த்தம் பார்த்திருக்கிறோம். முன்கூட்டியே ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம் செய்ய வேண்டும். நல்ல வேளை, கல்யாணத்துக்கு முன்பே கேட்டீர்கள். பிரெஞ்சுக்காரர் வெளிநாட்டில் மணம் முடிக்கும் முன் 'செர்த்திஃபிகா தெ கபாசிதே அ மரியாழ்' என்ற திருமணத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அவர்கள் சிவில் சட்டமே சொல்கிறது. இருவருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாளப் பத்திரங்கள், விண்ணப்பம் எல்லாம் கான்சுலேட்டில் கொடுத்த பிறகு, திருமண அறிவிப்பைப் பத்து நாள் ஒட்டி வைப்பார்கள். தேவை என்று பட்டால் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவார்கள். ஒருமுறை ஒட்டிய அறிவிப்பு ஓராண்டுக்குச் செல்லும், அதனால் சீக்கிரமே போடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. பத்திரிகை அடிப்பதற்கு முன் இந்த மனு போயிருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு முன்பே ஒரு திருமணம் நடந்து, இந்திய நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகியிருக்கிறதா? அந்தத் தீர்ப்பைப் பிரான்சில் அரசு வழக்கறிஞர் சரிபார்த்து, அவருடைய பிரெஞ்சுப் பத்திரத்தில் குறிப்பு ஏற வேண்டும். அதுவரை பிரெஞ்சுப் பதிவேட்டின்படி அவர் திருமணமானவர். முதலில் கேட்டுத் தெளிய வேண்டியது இதைத்தான்.

கேள்வி: அந்தச் சான்றிதழ் வாங்காமலே கல்யாணம் செய்துவிட்டோம். செல்லாதா?

செல்லும், பயப்படாதீர்கள். ஆனால் பதிவேட்டில் ஏற்றும்போது உங்களை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். சந்தேகம் வந்தால் கோப்பு நாந்த் நகரத்து அரசு வழக்கறிஞரிடம் போகும். முடிவு சொல்ல அவருக்கு ஆறு மாதம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டால் நாந்த் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கேள்வி: என் பெயர் ஒவ்வொரு பேப்பரிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. பிரச்சினை வருமா?

நம் ஊர்க் கோப்புகள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் 'மலர்விழி' என்று மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் 'குமரேசன்', இடுபெயர் 'மலர்விழி'. திருமணச் சான்றிதழில் 'கு. மலர்விழி'. நமக்கு ஒரே ஆள். இனிஷியல் என்ற வழக்கமே தெரியாத அதிகாரிக்கு மூன்று ஆள். இனிஷியல் எதன் சுருக்கம் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

எளிய வழி, திருமணப் பதிவு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுவது. இனிஷியல் வேண்டாம், அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ழ'வுக்கு எந்த எழுத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய நகல் வாங்குங்கள். நோட்டரி அஃபிடவிட் ஒன்றை இணைத்துச் சமாளிக்கலாம் என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். அது நீங்களே எழுதிக்கொடுத்த வாக்குமூலம், பதிவேடு ஆகாது.

திருத்தமெல்லாம் முடிந்த பிறகு அப்போஸ்டில் (பத்திரம் வெளிநாட்டில் செல்ல அரசு வைக்கும் சான்று முத்திரை) வாங்குங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கடைசியில். வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு போகும்.

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். நான் இந்து, அவர் கிறிஸ்தவர். கோயிலில் தாலி கட்டிப் பதிவும் செய்யலாம் என்கிறார்கள். போதுமா?

போதாது. இந்துத் திருமணச் சட்டப்படி இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். செல்லாத திருமணத்தைப் பதிவு செய்தாலும் அது செல்லுபடியாகிவிடாது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்யுங்கள். உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். திருமணத்தன்று சாட்சிகள் மூவர். இரண்டு வார லீவில் வருகிற மாப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நோட்டீஸில் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் அவருடைய பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். தாலி கட்டுவது உங்கள் விருப்பம், அதை எந்த நாளிலும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. சம்பளம் போதாது என்று விசாவை மறுப்பார்களா?

மறுக்க முடியாது. பிரெஞ்சுக் குடிமகனின் துணைக்கு நீண்டகால விசாவை மறுக்க அவர்களுடைய வெளிநாட்டினர் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் மூன்றுதான்: மோசடி, திருமணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு ஆபத்து. வருமான வரம்பு கிடையாது, வீட்டின் பரப்பளவுக் கணக்கு கிடையாது, கிளம்பும் முன் பிரெஞ்சுத் தேர்வும் கிடையாது. விசாக் கட்டணம்கூட இல்லை, விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் உண்டு. "பேங்க் பேலன்ஸ் காட்ட வேண்டும், நான் ஏற்பாடு செய்கிறேன்" என்று பணம் கேட்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். நான் கட்டப் போறவர் பாரிசில அகதி அந்தஸ்தோட பத்து வருஷ கார்ட் வச்சிருக்கிறார். எனக்கும் இதே முறையோ?

இல்லைத் தங்கச்சி, உங்களுக்கு வேறு வழி. அவர் பிரெஞ்சுக் குடிமகன் இல்லை. அகதிக் கோரிக்கை வைக்க முன்னமே திருமணம் நடந்திருந்தால், வருமானமும் வீடும் கேட்காத குடும்ப மீளிணைவுக்கு நீங்களே நேரடியாக விசா கேட்டிருக்கலாம். பிறகு நடக்கும் திருமணத்துக்கு 'ருகுறுப்மோன் ஃபமிலியால்' என்ற சாதாரணக் குடும்ப இணைவு முறைதான். அவர் 18 மாதம் சட்டப்படி அங்கே இருந்திருக்க வேண்டும். கடைசி 12 மாதச் சராசரி வருமானம் குறைந்தபட்சச் சம்பளமான 'ஸ்மிக்' அளவாவது வேண்டும். பாரிஸில் இருவருக்கு வீடு 22 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. மனுவை அவர் அங்கே 'ஓஃபி' என்ற குடிவரவு அலுவலகத்தில் கொடுக்க, முடிவு மாவட்ட நிர்வாகமான பிரிஃபெக்சர் கையில். அதுவரை நீங்கள் பிரான்சுக்கு வெளியே இருக்க வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியம். தாலி கட்ட அவர் இலங்கைக்கு வரக்கூடாது, இலங்கை பாஸ்போர்ட்டும் எடுக்கக்கூடாது. அகதி அந்தஸ்தே பறிபோகலாம்.

கேள்வி: டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்களே?

முறையான விசாவில் நுழைந்து, பிரான்சிலேயே திருமணம் செய்து, அங்கே ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தவருக்குத்தான் அந்தச் சலுகை. இந்தியாவில் மணம் முடித்தவருக்குப் பொருந்தாது.

கேள்வி: நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

எப்படி அறிமுகம், பெண் பார்த்தது யார், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், அவர் என்ன வேலை, யாரோடு குடியிருக்கிறார், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள். வீட்டில் பார்த்துச் செய்த கல்யாணம் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். காதல் கதை கட்டினால்தான் முரண்பாடு வரும். பதிலை மனப்பாடம் செய்து போகாதீர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

கேள்வி: விசா கிடைத்துவிட்டது. அங்கே போனதும் முதல் வேலை என்ன?

இறங்கி மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். விசா எண், வந்த தேதி, முகவரி கொடுத்து, முத்திரைக் கட்டணத்தைக் கார்டில் கட்டலாம். தவறவிட்டால் நீங்கள் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவீர்கள், ஊருக்கு வந்தால் திரும்பவும் முடியாது. இந்த விசாவிலேயே வேலை செய்யலாம், தனி அனுமதி வேண்டாம்.

பிறகு ஓஃபி கூப்பிடும். பிரெஞ்சுத் தேர்வு வைத்து, மொழி போதாவிட்டால் இலவசப் பயிற்சியில் சேர்ப்பார்கள். நான்கு நாள் குடிமைப் பயிற்சியும் உண்டு. புதுப்பிக்கும் மனுவை விசா முடிவதற்கு நான்கு மாதம் முன்பிருந்து இரண்டு மாதம் முன்புவரைக்குள் போட வேண்டும். 2026 ஜனவரி முதல், அடுத்து வரும் ஈராண்டுக் குடியிருப்பு அட்டைக்கு ஏ2 நிலைப் பிரெஞ்சும் (ஐரோப்பிய மொழித்திறன் அளவில் இரண்டாம் படி) குடிமைத் தேர்வும் வேண்டும். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே ஊரில் வகுப்புக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: தங்கைக்கு விசா மறுத்துவிட்டார்கள். மறுபடி போடலாமா?

போடலாம், ஆனால் மேல்முறையீட்டைக் கைவிடாதீர்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் நாந்த்தில் உள்ள விசா மறுப்பு மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இரண்டு மாதம் பதில் வராவிட்டால் அதுவும் மறுப்பு என்றே பொருள். அதன்பின் நாந்த் நிர்வாக நீதிமன்றம். ஆணையத்துக்கு எழுதாமல் நேரே நீதிமன்றம் போனால் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: பெயர் வேண்டாம். போய் ஐந்து மாதம் ஆகிறது. அடிக்கிறார். வெளியே போனால் கார்ட் போய்விடும் என்று மிரட்டுகிறார்.

போகாது தங்கச்சி. துணையின் வன்முறையால் சேர்ந்து வாழ்வது முறிந்தால், அதைக் காரணம் காட்டி உங்கள் அனுமதியைப் பறிக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியே இருக்கிறது. 3919 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசுங்கள், இரவிலும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 17, போலீஸ். பேச முடியாத நிலை என்றால் 114-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். காயத்துக்கு மருத்துவரிடம் சான்றிதழ் கேளுங்கள், போலீஸில் புகார் கொடுத்து நகலைக் கையில் வாங்குங்கள். பாஸ்போர்ட், விசாப் பக்கம், உறுதிப்படுத்திய ரசீது, குடும்பப் புத்தகம் நான்கையும் படம் எடுத்து இன்றைக்கே அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, உங்கள் போனில் இருப்பதை அழித்துவிடுங்கள்.