மகள் சொல்லும் சோஷலிசம்

வாசகர் கேள்வி: நான் நியூ ஜெர்சியில் இந்திய மளிகைக் கடை நடத்துகிறேன். வயது 61. அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாக்களித்து வருகிறேன். நியூயார்க்கில் வேலை பார்க்கும் என் மகள், 2025 மேயர் தேர்தலில் ஜோரான் மம்தானிக்கு வாக்களித்தாள்; தன்னை ‘ஜனநாயக சோஷலிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்கிறாள். நகராட்சியே மளிகைக் கடை நடத்த வேண்டும் என்ற அவருடைய திட்டத்தை என்னிடமே ஆதரித்துப் பேசுகிறாள். ஊரில் ஒரு தொலைபேசி இணைப்புக்காக என் அப்பா ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். சோஷலிசம் எனக்குத் தெரியும் என்றால், ‘அது வேறு, இது வேறு’ என்கிறாள். முதலாளித்துவத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். அதற்கு மேல் என்ன தேவை? பேச்செடுத்தாலே சண்டையாகிவிடுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்களும் உங்கள் மகளும் ஒரே சொல்லைச் சொல்கிறீர்கள்; ஆனால் இருவர் மனத்திலும் இருக்கும் காட்சி வேறு. உங்களுக்கு அந்தச் சொல், ராஜாஜி ‘லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்’ என்று பெயரிட்டு எதிர்த்தாரே, அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது: ஸ்கூட்டருக்கும் தொலைபேசிக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது, ஒவ்வொரு அனுமதிக்கும் ஓர் அதிகாரியின் முன்னால் கைகட்டி நின்றது. உங்கள் மகள் அதைப் பார்த்தவள் அல்ல. 2008-ல் வங்கிகள் சரிந்தபோது அவற்றைத் தூக்கி நிறுத்த 700 பில்லியன் டாலர் வரை செலவிட அமெரிக்க அரசு சட்டம் இயற்றியதும், அதே நேரத்தில் கடன் கட்ட முடியாத குடும்பங்கள் வீடுகளை இழந்ததும், கல்விக் கடனும், சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும் நியூயார்க் வாடகையும்தான் அவளுடைய தலைமுறை கண்ட முதலாளித்துவம். அவள் ‘சோஷலிசம்’ என்று சொல்லும்போது அதற்கு ஒரு மாற்றையே தேடுகிறாள். உங்கள் அப்பா காத்திருந்த வரிசையை அல்ல.

இவை போதாவென்று, அமெரிக்க அரசியலில் இந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பயன்பாடும் உண்டு. மக்களுக்கு நன்மை செய்யும் எந்தச் சட்டம் வந்தாலும் அதை அடிக்க எடுக்கும் கம்பு அது. 1952 அக்டோபரில் சிராக்கியூஸ் நகரில் பேசிய அதிபர் ட்ரூமன், கடந்த 20 ஆண்டுகளில் மக்கள் அடைந்த ஒவ்வொரு முன்னேற்றத்தின் மீதும் வீசப்பட்ட பூச்சாண்டிச் சொல்தான் சோஷலிசம் என்று சொல்லி, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், வங்கி வைப்புத்தொகைக் காப்பீடு என்று ஒரு பட்டியலையே வாசித்தார். 1961-ல், அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன், முதியோருக்கு அரசு மருத்துவக் காப்பீடு தருவது நாட்டைச் சோஷலிசத்தில் தள்ளிவிடும் என்று எச்சரித்து ஓர் இசைத்தட்டில் பேசினார். 1965-ல் ‘மெடிகேர்’ என்ற பெயரில் அந்தக் காப்பீடு சட்டமான பிறகும் அமெரிக்கா முதலாளித்துவ நாடாகவே இருக்கிறது. இன்னும் நான்கு ஆண்டுகளில் அந்த அட்டை உங்கள் கைக்கும் வரும்.

அப்படியானால் அமெரிக்காவில் உண்மையான சோஷலிஸ்டுகள் இருந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள், அவர்களுடைய கதையை உங்கள் மகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ், சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் 1912 அதிபர் தேர்தலில் சுமார் 9 லட்சம் வாக்குகள், அதாவது பதிவானவற்றில் ஏறக்குறைய 6 சதவீதம் பெற்றார். ரயில் பாதைகளும் சுரங்கங்களும் சமுதாயத்தின் உடைமையாக வேண்டும் என்பது அவர் கட்சியின் கோரிக்கை. முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை பெற்று, 1920-ல் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே மீண்டும் போட்டியிட்டபோதும் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் அவருக்கே வாக்களித்தனர். மில்வாக்கி நகரத்திலோ சோஷலிஸ்டுகள் ஆட்சியே நடத்தினார்கள். டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை 24 ஆண்டுகள் மேயராக இருந்தார். அவர்கள் யாருடைய கடையையும் பறிமுதல் செய்யவில்லை. கழிவுநீர்க் குழாய், குடிநீர், பூங்கா, லஞ்சமில்லாத நிர்வாகம் ஆகியவற்றிலேயே கவனம் செலுத்தினார்கள். ‘சாக்கடை சோஷலிஸ்டுகள்’ என்று சொந்தக் கட்சிக்காரர்களே கேலி செய்ததை மில்வாக்கிக்காரர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். குடியரசுக் கட்சியின் கோட்டையான வடக்கு டகோட்டாவில் 1919-ல் விவசாயிகளின் இயக்கம் தொடங்கிவைத்த மாநில அரசு வங்கி இன்றும் இயங்குகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்; அந்த ஊரில் அதை யாரும் சோஷலிசம் என்று சொல்லித் திட்டுவதில்லை.

நீங்கள் ஏற்கும் ‘கட்டுப்பாடுள்ள முதலாளித்துவம்’ வேறு வழியில் வந்தது. தொழிலைத் தனியாரிடமே விட்டு, அதற்கு விதி வகுப்பது அதன் முறை. 1911-ல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் பல துண்டுகளாக உடைக்கப்பட்டது. 1930-களில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் வங்கிகளுக்கும் பங்குச்சந்தைக்கும் வேலை நேரத்துக்கும் விதிகள் வந்தன. இந்த மரபில் வருபவர்தான் செனட்டர் எலிசபெத் வாரன். அவர் தன்னை முதலாளித்துவவாதி என்றே சொல்லிக்கொள்கிறார். ஆனால் பெருநிறுவனங்களின் இயக்குநர் குழுவில் 40 சதவீதம் பேரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2018-ல் மசோதா கொண்டுவந்தார். தன்னைச் சோஷலிஸ்ட் என்று அழைத்துக்கொள்ளும் செனட்டர் பெர்னி சாண்டர்ஸோ, 2015-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, தெருவோர மளிகைக் கடையை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தான் நினைக்கவில்லை என்றார். அவர் முன்னுதாரணமாகக் காட்டிய டென்மார்க்கின் அன்றைய பிரதமரே, தங்களுடையது சந்தைப் பொருளாதாரம்தான் என்று விளக்கம் கொடுத்தார். பெயர்ப் பலகைகளை மட்டும் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

ஆகவே மருத்துவத்தை எடுத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். 2010-ல் வந்த ஒபாமாவின் சட்டத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் தனியாருடையவை. ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டி ஒருவரை மறுக்கக் கூடாது என்ற விதி மட்டும் அரசுடையது. மெடிகேரில் காப்பீடு அரசுடையது, மருத்துவமனைகள் பெரும்பாலும் அரசு சாராதவை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் கட்டடமும் அரசுடையது, மருத்துவரும் அரசு ஊழியர். மூன்றும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மெடிகேரை எல்லா வயதினருக்கும் விரிப்பதுதான் சாண்டர்ஸும், சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் நாடாளுமன்றத்தில் முன்வைத்த திட்டம். எனக்கு அதில் உடன்பாடு உண்டு. வேலை போனவுடன் காப்பீடும் போய்விடும் ஒரு முறையை, அது சந்தையின் பெயரால் நடக்கிறது என்பதற்காக என்னால் ஆதரிக்க முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உண்மையான ஒரு கருத்து வேறுபாடு எஞ்சுகிறது. ‘கட்டுப்பாடு இருக்கிறதே, அதற்கு மேல் எதற்கு?’ என்று கேட்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு நிலைக்குமா என்பதுதான் சோஷலிஸ்டுகளின் எதிர்க் கேள்வி. வணிக வங்கியையும் முதலீட்டு வங்கியையும் பிரித்து 1933-ல் போட்ட வேலி 1999-ல் அகற்றப்பட்டது. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009-ல் மணிக்கு 7.25 டாலராக உயர்ந்தது. 2025 வரை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. பணம் படைத்தவர் விதி எழுதும் இடத்திலும் செல்வாக்குப் பெறும்போது விதி தேய்ந்துபோகிறது என்ற வாதத்துக்கு இவை வலுவான சான்றுகள். ஆனால் உங்கள் பக்கத்திலும் சமமான வலு உண்டு. உடைமை அரசின் கைக்குப் போய்விட்டால், விதி போடுபவரும் வியாபாரியும் ஒருவராகிவிடுகிறார்; பிழை செய்தால் யாரிடம் முறையிடுவது? உங்கள் அப்பாவின் ஒன்பது ஆண்டுகள் சொல்வது இதைத்தான். மகளிடம் அதைக் கோபமில்லாமல், முழுக் கதையாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை.

மளிகைக் கடை விஷயத்துக்கு வருகிறேன். மம்தானி தேர்தலில் முன்வைத்தது, நகரின் ஐந்து பகுதிகளிலும் பகுதிக்கு ஒரு கடை என்ற அளவில் ஒரு சோதனை முயற்சி; வாடகையும் சொத்துவரியும் இல்லாததால் விலையைக் குறைக்கலாம் என்பது கணக்கு. அமெரிக்க ராணுவம் தன் படையினருக்காக இருநூறுக்கும் மேற்பட்ட மளிகைக் கடைகளை நெடுங்காலமாக நடத்தி வருகிறது; எனவே இது அந்த நாடு கேள்விப்படாத விஷயமல்ல. எனினும், மிகக் குறைந்த லாபத்தில் ஓடும் தொழிலில், பக்கத்துக் கடைக்காரர் வாடகை கட்டும்போது நகராட்சிக் கடை கட்டாமல் போட்டியிடுவது நியாயமா என்ற வருத்தம் உங்களுக்கு இருந்தால் அது சரியானதே. நல்ல காய்கறிக் கடையே இல்லாத பகுதியில் அத்தகைய கடை திறப்பதை நான் வரவேற்பேன். உங்களைப் போன்றவர் கடையை ஒட்டித் திறந்தால் எதிர்ப்பேன்.

அடுத்த முறை மகள் வீட்டுக்கு வரும்போது சோஷலிசம் நல்லதா கெட்டதா என்று தொடங்காதீர்கள். ஒரு மாதக் கணக்குப் புத்தகத்தை எடுத்து அவள் முன் வைத்து, கொள்முதல், வாடகை, மின்சாரம், வீணாய்ப் போகும் காய்கறி, உங்கள் காப்பீட்டுத் தவணை எல்லாவற்றையும் காட்டி, நகராட்சி நடத்தினால் இதில் எந்தச் செலவு குறையும், குறைவதை யார் ஏற்பார்கள் என்று கேளுங்கள். அவளுடைய வாடகை ரசீதையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.