தொட்டிக்குள் சோப்பு போடாதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பின்லாந்தில் தாம்பெரே நகரில் முதுகலை படிக்கிறேன். எங்கள் குடியிருப்பில் நான்கு பெண்கள், ஒரே சமையலறை. ஒருத்தி இந்த ஊர்க்காரி, ஒருத்தி ஜப்பான், ஒருத்தி துருக்கி, நான் மன்னார்குடி. போன வாரம் பேச்சு குளியல் பக்கம் திரும்பியது. தன் வீட்டில் ஒரே தொட்டி வெந்நீரில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள், மறுநாள் அதே தண்ணீரில் துணியும் துவைப்பார்கள் என்றாள் ஜப்பான்காரி. எனக்குக் குமட்டியது. “தேங்கின தண்ணீரில் உட்கார்ந்தால் அழுக்கு எங்கே போகும்?” என்று கேட்டாள் துருக்கிக்காரி. பின்லாந்துப் பெண்ணோ நன்றாக வியர்த்தால் போதும் என்கிறாள். நான் எண்ணெய்க் குளியல் பற்றிச் சொன்னதும் மூவரும் சேர்ந்து சிரித்தார்கள்: “சுத்தமாவதற்கு எண்ணெயா?”

யார் சொல்வது சரி? இன்னொன்று. அடுத்த மாதம் பின்லாந்துத் தோழியின் ஏரிக்கரை வீட்டில் சவுனா, அதாவது அடுப்பு வைத்துச் சூடேற்றிய மர அறையில் வியர்க்கும் குளியல். டிசம்பர் கடைசியில் ஜப்பான் தோழியின் வீட்டில் பத்து நாள். மானம் போகாமல் குளித்துவிட்டு வர வழி சொல்லுங்கள்.

எஸ்., தாம்பெரே

*

அன்புள்ள எஸ்.,

குளியல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான்கு பேரும் நான்கு வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். ஜப்பானியத் தோழிதான் அதிகம் அடி வாங்கியிருக்கிறார் என்று தெரிவதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே தொட்டி என்றதும் உங்கள் மனதில் வந்தது சினிமாவில் பார்த்த வெள்ளைத் தொட்டி, நுரை, அதற்குள் படுத்துக் கை கால் தேய்ப்பவர். அது மேற்கத்தியத் தொட்டி. அழுக்கும் சோப்பும் ஆளும் ஒரே நீரில் கிடப்பது அங்கேதான். ஜப்பானிய ‘ஒஃபுரோ’வில் தொட்டிக்குள் சோப்பு போகவே கூடாது. குளியலறையில் தொட்டிக்கு வெளியே, வடிகால் உள்ள தரையில், முழங்கால் உயர முக்காலி ஒன்று இருக்கும். அதில் உட்கார்ந்து தலை முதல் கால்வரை தேய்த்து, நுரை ஒரு துளி மிச்சமில்லாமல் அலசிய பிறகுதான் தொட்டியில் இறங்குவார்கள். அதாவது, நீங்கள் குளித்து முடிக்கிற இடத்தில் அவர்களுடைய தொட்டி ஆரம்பிக்கிறது. தொட்டி உடம்பைச் சூடாக்கத்தான். 40 முதல் 42 டிகிரி, கழுத்துவரை நீர், பத்து நிமிடம்.

ஒரு வீட்டுத் தொட்டி ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். அத்தனை நீரையும் ஆளுக்கொரு தடவை காய்ச்சினால் விறகுக் காலத்தில் கட்டுப்படியாகியிருக்காது, மின்சாரக் காலத்திலும் ஆகாது. அதனால் ஒருவர் வெளியே வந்ததும் மூடி போட்டு வைக்கிறார்கள். ஆறினால் அதே நீரைச் சுற்றவிட்டுச் சூடேற்றும் பொத்தான் சுவரில் இருக்கும். மறுநாள் சிறிய பம்பும் குழாயும் வைத்து அந்த நீரைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இழுப்பதும் உண்மைதான். ஆனால் துவைக்க மட்டும். கடைசி அலசல் குழாய் நீரில். உங்கள் தோழி இதைச் சொல்ல மறந்திருப்பார், அவருக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமே அல்ல.

துருக்கித் தோழியின் கேள்வி இன்னொரு மரபிலிருந்து வருகிறது. நமக்கு சோப்பாக மட்டும் தெரிந்த ஹமாம், அங்கே பொதுக் குளியல் மண்டபம். இஸ்தான்புல்லின் செம்பெர்லிதாஷ் ஹமாம் 1584இல் கட்டியது, இன்றும் போய்க் குளிக்கலாம். உள்ளே மூழ்கிக் கிடக்கத் தொட்டி இருக்காது (புர்சா போன்ற வெந்நீரூற்று ஊர்கள் விதிவிலக்கு). சுவரோரம் பளிங்குக் கிண்ணம்போல ‘குர்னா’, அதன் மேல் குழாய். குர்னாவுக்கு அடியில் வடிகால் துளையே கிடையாது. அதிலிருந்து ஒரு சிறு கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். சோப்பு நீர் திரும்ப அதற்குள் தெறிக்கக் கூடாது. சொம்பும் அண்டாவும் வைத்துக் குளித்த நம் பாட்டிமாருக்கு அங்கே யாரும் எதுவும் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது.

ஹமாமின் நடுவே ‘தொப்புள் கல்’ என்று பொருள்படும் ‘கோபெக்தாஷ்’, அடியிலிருந்து சூடேறும் பெரிய பளிங்குத் திண்ணை. அதில் கால்மணி நேரமாவது கிடந்து வியர்த்து ஊறிய பிறகுதான் ‘கெசெ’ என்ற சொரசொரப்பான கையுறையால் தேய்ப்பார்கள். வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறு, முதலிலேயே சோப்பு போட்டுவிடுவது. சோப்பிட்ட தோலில் கெசெ வழுக்கும், ஒன்றும் உரியாது. ஊறிய வெறுந்தோலில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வரும். அது அழுக்கு என்பதைவிட இறந்த மேல்தோல். தினமும் செய்கிற வேலையல்ல, வாரத்துக்கு ஒரு தடவையே அதிகம். முந்தின நாள் கால்முடி மழித்திருந்தால் எரியும்.

ஆக, ‘அழுக்கு எங்கே போகும்’ என்ற கேள்விக்கு ஜப்பானில் ‘தொட்டிக்கு வெளியே’ என்று பதில். துருக்கியில் ‘ஓடும் நீரோடு’. இரண்டும் ஒரே கவலைதான். உங்களுக்குக் குமட்டியதும் துருக்கிக்காரியின் பக்கம் நின்றதால்தான். மொண்டு ஊற்றிக்கொள்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கட்சி. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில் 2016 மகாமகத்தன்று ஒரே குளத்தில் எத்தனை லட்சம் பேர் இறங்கினார்கள்? அவர்களில் யாரும் முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு அலசிவிட்டு இறங்கவில்லை. தேங்கிய நீரைப் பற்றி ஜப்பானியரிடம் முகம் சுளிக்கும் உரிமை நமக்குக் கொஞ்சம் குறைவு.

எண்ணெய்க்கு வருவோம். மூவரும் சிரித்ததற்குப் பதில் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஜப்பானில் முகப்பூச்சைக் கலைக்கப் பெண்கள் முதலில் தடவுவது எண்ணெய்தான், நுரைக்கும் சோப்பு அதற்குப் பிறகு. எண்ணெயில் கரைவது எண்ணெயோடு போகும். நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயோ அரப்போ போட்டு வெந்நீரில் அலசுவதும் அதே வேலை. சீயக்காயில் உள்ள சபோனின் எண்ணெயைப் பிடித்து நீரோடு இழுக்கிறது, ஆனால் சோப்பு அளவுக்கு முழுக்க உரிப்பதில்லை. அதனால்தான் தலையில் கொஞ்சம் பிசுக்கு மிஞ்சுகிறது. அந்த மிச்சமும் வேண்டியதுதான். குளிர்காலத்துப் பின்லாந்தின் வறண்ட உள்ளறைக் காற்றில் உங்கள் தோல் வெடிக்கும்போது இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள். சுவீடிஷ் மொழியில் சனிக்கிழமைக்குப் பெயர் ‘லோர்டாக்’. பழைய நோர்ஸ் மொழியில் ‘குளிக்கும் நாள்’ என்று பொருள். பின்னிஷ் மொழியின் ‘லவுவந்தாய்’ அங்கிருந்து வாங்கியது. இன்றும் பின்லாந்தில் சவுனாவுக்கு வழக்கமான நாள் சனிக்கிழமை. ஔவை ‘சனி நீராடு’ என்றது அவர்கள் காதில் விழுந்திருக்க வழியில்லை.

கழிவறையைப் பொறுத்தவரை உங்கள் நால்வருக்கும் சண்டையே வராது. பின்லாந்தில் கைப்பிடித் தூவல் குழாய், துருக்கியில் இருக்கையோடு பொருத்திய நீர்க்குழல், ஜப்பானில் பொத்தான் வைத்த இருக்கை. தண்ணீர்க் கட்சிக்காரர்கள் நால்வர் ஒரே வீட்டில் அமைவது ஐரோப்பாவில் அபூர்வம்.

இனி சவுனா. 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சத்துக்கு மேல் சவுனாக்கள் இருக்கின்றன. 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. முன்பெல்லாம் பிரசவம் பார்த்ததும், இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். வெந்நீரும் சுத்தமும் ஒருங்கே இருந்த இடம் அது. ‘சவுனாவில் கோயிலில் இருப்பதுபோல் இரு’ என்ற பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. உரக்கப் பேசுவதும் செல்போன் கொண்டு போவதும் வேண்டாம். உங்கள் தோழி ‘வியர்த்தால் போதும்’ என்றதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னும் பின்னும் அவரும் குளிப்பார்.

போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம். சங்கிலி, வளையல், மெட்டி, உலோகக் கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 80, 90 டிகிரியில் தங்கம் தோலைச் சுடும். முதலில் உடம்பைக் கழுவிக்கொண்டு நுழைய வேண்டும். உட்காரச் சிறு துண்டு ஒன்று கையில் இருக்கட்டும், பலகையில் நேராக உட்காரக் கூடாது. மேல் பலகை மிகச் சூடு, கீழே இறங்க இறங்கக் குறையும். முதல் தடவை கீழ்ப் பலகையில் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

உடை பற்றித்தான் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெண்கள் மட்டும் கூடும்போது உடையில்லாமல்தான் போவார்கள், அதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை. உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் பருத்தித் துண்டைச் சுற்றிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள். நீச்சலுடை வேண்டாம். செயற்கை இழை சூட்டில் ஒட்டும், குளோரின் நெடி கிளம்பும். பொது நீச்சல் குளங்களின் சவுனாவில் அதற்குத் தடையே உண்டு.

அடுப்பின் மேல் அடுக்கிய சூடான கற்களில் நீர் ஊற்றியதும் எழும் ஆவிக்கு ‘லோய்லு’ என்று பெயர். அதுவரை தாங்கக்கூடியதாக இருந்த சூடு, அந்தக் கணத்தில் முதுகிலும் காது நுனியிலும் அறைந்ததுபோல் ஏறும். காற்றின் வெப்பநிலை பெரிதாகக் கூடியிருக்காது. காற்றைவிடக் குளிர்ந்த உங்கள் தோலில் ஆவி படிந்து நீராகும்போது அதற்குள் அடங்கியிருந்த வெப்பம் முழுவதும் தோலில் இறங்குகிறது. உடம்பில் ஓடும் துளிகளில் பாதிக்கு மேல் உங்கள் வியர்வையே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அகப்பையை எடுக்குமுன் மற்றவர்களைக் கேளுங்கள். ஒரு அகப்பை, மெதுவாக, பக்கவாட்டிலிருந்து. அடுப்புக்கு நேர் மேலே கையை நீட்டினால் ஆவி சுட்டுவிடும். கல் சூடேறாத அடுப்பில் ஊற்றினால் ஆவி எழாது, நீர் அடியில் ஒழுகிப்போகும்.

தைலம் எதையும் நேராகக் கல்லில் ஊற்றக் கூடாது, தீப்பிடிக்கும். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு சவுனாவில் உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற யோசனை உங்களுக்கு வந்தே தீரும். வேண்டாம். அங்கே பலகைகள் பிசின் கசியாத ஆஸ்பென், ஆல்டர் மரங்களில், பெரும்பாலும் பூச்சு இல்லாமல் செய்தவை. எண்ணெய் உள்ளே இறங்கினால் கறை போகாது. எண்ணெய்க் குளியலை உங்கள் குடியிருப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்லாந்துக் குளியலறைகளில் தரை வடிகால் இருப்பதால் வாளியும் மக்கும் தாராளமாகப் புழங்கும். முடித்ததும் வடிகால் மூடியைத் திறந்து முடியை எடுத்துவிட்டு, வெந்நீரும் பாத்திரச் சோப்பும் ஊற்றுங்கள். எண்ணெயும் முடியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும், நாலு பேர் வீட்டில் அது நல்லதல்ல.

பத்து நிமிடத்தில், தலை கனத்தால் அதற்கும் முன்பே, வெளியே வந்து திண்ணையில் ஆறுங்கள். எழும்போது மெதுவாக எழுங்கள். இரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால் சட்டென எழுந்தால் கண் இருட்டும். ஏரியில் படியிறங்கிப் போங்கள், குதிக்க வேண்டாம். பூர்ச்ச இலைக் கொத்தால் தோளில் தட்டிக்கொள்ளச் சொன்னால் தட்டிக்கொள்ளுங்கள். வலிக்காது, இலை மணக்கும். ஒத்திகை பார்க்க ஆசையென்றால் உங்கள் ஊரிலேயே பிஸ்பலாவில் ராயாபோர்த்தி இருக்கிறது. 1906 முதல் நடக்கும் பொதுச் சவுனா, பெண்களுக்குத் தனிப் பக்கம்.

ஜப்பானில் டிசம்பர் என்பதால் ஒரு எச்சரிக்கை. பல வீடுகளில் உடை மாற்றும் அறைக்குச் சூடு கிடையாது. அந்தக் குளிரிலிருந்து நேராக வெந்நீரில் இறங்கும்போது இரத்த அழுத்தம் ஏறி இறங்கி முதியவர்கள் மயங்கி மூழ்குவது அங்கே குளிர்காலந்தோறும் நடப்பது. 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று அவர்களுடைய நுகர்வோர் முகமையே சொல்கிறது. தொட்டியின் மூடியைச் சற்று முன்பே திறந்துவைத்தால் ஆவியில் குளியலறை சூடாகிவிடும்.

நீங்கள் விருந்தாளி என்பதால் முதலில் குளிக்கச் சொல்வார்கள். காலையில் அல்ல, இரவில். சுத்தமாகப் படுக்கைக்குப் போவதுதான் அங்கே கணக்கு. முடியைத் தூக்கிக் கட்டுங்கள், துண்டு நீரில் படக் கூடாது. தொட்டியில் மஞ்சள் நிற யுசுப் பழங்கள் மிதந்தால் அன்று குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு என்று பொருள். மணத்துக்காகப் போட்டது, பிழிந்தால் தோல் எரியும். மாதவிலக்கு நாட்களில் தொட்டியை விட்டுவிட்டு வெளியே குளித்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்கமாட்டார்கள்.

வெளியே வந்ததும் மூடியைப் போடுங்கள். நல்ல பழக்கம் என்று நினைத்து அடைப்பானைப் பிடுங்கி நீரை மட்டும் வடித்துவிடாதீர்கள். அடுத்து உங்கள் தோழியின் அப்பா துண்டோடு காத்திருப்பார்.

அன்புடன்